கனிட்ட கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: ஐக்கிய அமெரிக்காவில் ஒரு வழியின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, சிக்காக்கோ நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், ஜோலியற் என்னும் ஊர் உளது. 1901ஆம் ஆண்டிலே அவ்வூர் உயர்நிலைப் பாடசாலையில் மாணாக்கர் அறுவர் ஒரு புதிய வகுப்பிற் சேர்ந்தனர். பாடசாலைக் கல்வி முற்றுப்பெற்ற பின்னரும் அதே பாடசாலையில், அதே ஆசிரியரிடத்து, பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுகளுக்குரிய பாடங்களைக் கற்பதே அவ்வகுப்பின் நோக்கம். கற்று முடித்தபின் அவர்கள் பல்கலைக்கழகத்துக்குச் செல்வர். சென்று முதலாம் ஆண்டிலன்றி மூன்றாம் ஆண்டிலே அமர்வர். இன்று ‘சமுதாயக் கல்லூரி’ என வழங்கப்பெறும் அரசினர் கனிட்ட கல்லூரிகளுள் நிலைத்து நின்றவற்றில் மூத்தது இந்த அறுவரோடு தொடங்கியதே என்பர் கல்வி வரலாற்றாசிரியர்.

நாட்டின் வேறொரு கோடியிலே நிகழ்ந்த இச்சிறு நிகழ்ச்சி நம்மனோர் கருத்தை ஈர்ப்பதற்குக் காரணம் ஒன்றுண்டு. ஊர்ப் பாடசாலையொன்றிலே பாடசாலை ஆசிரியர் ஒருவர் கற்பித்த பாடத்தைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கற்பித்த பாடத்துக்கு நிகராகக் கொள்ளலாமா? கொள்ளலாமெனின் அதனைத் தீர்மானிப்பவர் யார்? ஒரு கல்லூரியிற் படித்து மற்றொன்றிற் பட்டம் பெறும் இம்முறையின் வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களைச் சுற்றியே அமைந்துளது. இடமாற்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் ஆசிரியர்க்கு வேறொரு நினைவு எழும். ஈண்டு யாம் பேசப்புகுவது மாணாக்கரின் இடமாற்றத்தை.

இம்முறையைக் கண்டவர் ஏழை மாணாக்கர்பால் இரங்கிக் கண்டார் என எண்ணுதல் பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க அறிஞர் பலர் ஜேர்மனி சென்று கற்றுத் திரும்பினர். அங்கே பல்கலைக்கழகம் என்பது ஆராய்ச்சிக்கூடம். பொதுக்கல்வி முழுவதையும் ‘கிம்னாசியம்’ எனும் உயர்பாடசாலையே முடித்து அனுப்பும். அமெரிக்காவிலோ நான்காண்டுக் கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகள் பாடசாலைக் கல்வியின் நீட்சியாகவே இருந்தன. இலக்கணமும் தொடக்க அட்சரகணிதமும் கற்பித்துக் காலங்கழிப்பது பேராசிரியர்க்குச் சலிப்பைத் தந்தது. அவ்விரண்டு ஆண்டுகளையும் பாடசாலைகளிடம் ஒப்படைத்துவிட வேண்டுமென மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த தப்பன் என்பார் 1850களிலேயே கருதினார். மினசோட்டாப் பல்கலைக்கழகத்து வோல்வெல் என்பாரும் அதனையே வற்புறுத்தினார். இருவர் கருத்தும் செயல்வடிவம் பெறவில்லை.

செயல்வடிவம் கொடுத்தவர் வில்லியம் ரெயினி ஹாப்பர். இவர் 1856இற் பிறந்தவர். பதினெட்டு வயதிலே யேல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். எபிரேய மொழியில் வல்லுநர். செல்வர் ரொக்பெலரின் நன்கொடையால் எழுந்து 1892இற் கதவு திறந்த சிக்காக்கோப் பல்கலைக்கழகத்துக்கு இவரே முதல் தலைவர். இவர் தம் பல்கலைக்கழகத்து நான்காண்டுப் படிப்பை இரண்டாகப் பகுத்தார். அப்பகுதிகள் சில ஆண்டுகளுள் ‘கனிட்ட கல்லூரி’, ‘சிரேட்ட கல்லூரி’ எனப் பெயர் பெற்றன. 1900ஆம் ஆண்டு முதற் கனிட்ட பகுதியை முடித்தோர்க்கு ‘அசோசியேற்’ என்னும் ஒரு சிறு பட்டமும் வழங்கப்பட்டது. அது எதற்காக? மேலும் படிக்கும் ஆற்றலோ விருப்போ இல்லாதவர் வெட்கமின்றி அவ்விடத்தில் விடைபெற்றுச் செல்வதற்காக. அதே 1900இற் சிறு கல்லூரிகளின் எதிர்காலம் பற்றி நிகழ்த்திய உரையிலே, பொருளும் ஆளும் போதாத நான்காண்டுக் கல்லூரிகள் பல இரண்டாண்டுக் கல்லூரிகளாகச் சுருங்குதல் நன்றெனவும் ஹாப்பர் கூறினார்.

பல்கலைக்கழகத்தின் தூய்மையைக் காக்க எழுப்பிய மதில் இது. ஆயினும் மதிலென்றால் வாயிலும் வேண்டுமன்றோ? அவ்வாயிலே காலப்போக்கில் மதிலினும் பெரிதாயிற்று.

ஜோலியற் உயர்நிலைப் பாடசாலைத் தலைவர் ஸ்ரான்லி பிறவுண் என்பார் ஹாப்பருக்கு அறிமுகமானவர். தம் மாணாக்கர் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபின் பாடசாலையிற் கற்றதையே திரும்பக் கற்று ஓராண்டை வீணாக்குவதைக் கண்ட பிறவுண், உயர்தரப் பாடங்களைப் பாடசாலையிலேயே நடத்தவும் அவற்றைப் பல்கலைக்கழகங்கள் கணக்கிற் கொள்ளவும் வழிதேடினார். கல்விச்சபை 1902இல் அதற்கு இசைவு கொடுத்து, அப்பாடங்களுக்குக் கட்டணம் இல்லையெனவும் விதித்தது. இவ்வேற்பாட்டுக்கு அடிநிலையாய் இருந்தது சட்டமன்று. பிறவுண் நடத்தும் பாடசாலையிற் படிப்புச் சீராயிருக்கும் என்ற நம்பிக்கையே. அறுவர் படிக்கும் வகுப்புக்கு அது போதும். ஆறாயிரவர் படிக்கும்போது யார் யாரை நம்புவது?

இங்கே நமக்குப் பழக்கமான வேறொரு முறையை நினைவுகூர்தல் பொருத்தமாகும். இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி மருத்துவம் ஒழிந்த துறைகளிலே தன் பரீட்சைகளை எங்கே படித்தவர்க்கும் திறந்துவிட்டது. இலங்கையில் 1921இல் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, மாணாக்கரை அப்பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. பிரவேசப் பரீட்சை, இடைநிலைப் பரீட்சை, இறுதிப் பரீட்சை என்னும் அப்படிகளை ஒருவன் கல்லூரியிலிருந்து ஏறினானா, தன் வீட்டுத் திண்ணையிலிருந்து ஏறினானா என்று பரீட்சகர் வினவியதில்லை. விடைத்தாளே சாட்சி. நம் நாட்டு ஆசிரியருட் பலர் வெளிவாரியாகவே கலைமாணிப் பட்டம் பெற்றவர்கள். இதனை எழுதுவோனும் அவர்களுள் ஒருவன். நூலகமும் வழிகாட்டியுமின்றி அவ்வழியில் நடப்பதன் அருமையை நடந்தவர் அறிவர். எனினும் ஒன்று சொல்லல் வேண்டும்: எம்மை மதிப்பிட்டவர் எமக்குக் கற்பித்தவரின் தகுதியைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை.

அமெரிக்காவில் அத்தகைய பொதுப் பரீட்சை இல்லை. பாடத்தை நடத்தியவரே பரீட்சையும் வைத்துப் புள்ளியும் இடுவார். அன்றியும் ஹாவட் பல்கலைக்கழகத் தலைவர் எலியட் பரப்பிய விருப்பப்பாட முறையினால் ஒவ்வொரு மாணாக்கனும் வெவ்வேறு பாடங்களைத் தெரிந்து கற்றான். ஆதலின், கற்றதை அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டியதாயிற்று. அவ்வளவுகோல் வந்த வழி விந்தையானது. கல்லூரிப் பேராசிரியர்க்கு ஓய்வூதியம் வழங்கவென 1905இல் நிறுவப்பெற்ற கார்ணகி நிறுவனம், ‘எது கல்லூரி, எது அன்று’ என அறிதற்பொருட்டு, உயர்நிலைப் பாடசாலைப் படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் அலகு ஒன்றை 1906ஆம் ஆண்டளவில் வகுத்தது. ஒரு பாடத்தை ஏறத்தாழ 120 மணிநேரம் கற்றால் ஓர் அலகு. கல்லூரிகளும் இதனையொத்த ஓர் அளவைக் கைக்கொண்டன. வாரத்துக்கு ஒரு மணிநேர வகுப்பு ஒரு தவணைக்கு நடைபெறின் அது ஒரு மதிப்பலகு. 120 மதிப்பலகு சேர்ந்தால் இளமாணிப் பட்டம். அதிற் பாதியாகிய 60 கனிட்ட கல்லூரிக்கு உரியது. மணிக்கூட்டைக் கொண்டு அறிவை அளப்பதா என நகைத்தவர் அக்காலத்தும் உளர். ஆயின் இம்மதிப்பலகு இன்றேல், ஒரு கல்லூரியிற் கற்றதை மற்றொரு கல்லூரிக்கு எடுத்துச்செல்லுதல் இயலாது. நாணயம் இன்றி வாணிகம் நடவாதது போலவே இதுவும். நாணயமென்று வந்தபின் ஓரூர்க் காசு மற்றோரூரிற் செல்லுமா என்ற வழக்கும் உடன் வந்தது.

இனிக் கலிபோர்ணியாவை நோக்குவோம். இவ்வியக்கம் செழித்து வளர்ந்த நிலம் அதுவே. 1907ஆம் ஆண்டிலே அம்மாநில மூதவை உறுப்பினர் அன்ரனி கமினெற்றி கொணர்ந்த சட்டம், உயர்நிலைப் பாடசாலைகள் பல்கலைக்கழகத்து முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தலாம் என அனுமதி தந்தது, பணந்தான் தரவில்லை. கமினெற்றி சுரங்கத் தொழில் நிறைந்த மலைநாட்டவர். தம் தொகுதிப் பிள்ளைகட்கு உயர்கல்வி எட்டாதிருப்பதை அறிந்தவர். இவரே பின்னர் 1913இற் குடிவரவுத் துறையின் தலைமை ஆணையாளராகி, இந்தியர் முதலாம் ஆசிய நாட்டவர் அமெரிக்காவுட் புகாதவாறு தடுப்பதில் முன்னின்றார் என்பதையும் மறவாது குறித்துவைத்தல் வேண்டும். ஒருவர்க்கு வாயில் திறந்த கை வேறொருவர்க்கு அடைத்தது.

சட்டத்தை முதலிற் பயன்கொண்ட ஊர் பிரெஸ்னோ. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த நடுப்பள்ளத்தாக்கு நகரம் அது. ஊரைச் சுற்றி ஏறத்தாழ 200 மைலுக்குள் உயர்கல்விக்கு ஓர் இடமுமில்லை என்பதைப் பாடசாலைகளின் அதிகாரியாயிருந்த மக்ளேன் எடுத்துக்காட்டிப் பெற்றோரின் கருத்தை வினவினார். பெற்றோர் பெரிதும் விரும்பினர். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தொலைவூருக்கு அனுப்ப அஞ்சியோரும், அனுப்பப் பொருளற்றோரும் அவருள் இருந்தனர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக் கல்வித்துறைத் தலைவர் அலெக்சிஸ் லாங்கேயும் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்ரார் யோடனும் ஊக்கமளித்தனர். 1910இல் வகுப்புகள் ஆரம்பமாயின. இங்கும் இரு நோக்கங்கள் ஒருங்கு செயற்பட்டமையைக் காண்கின்றோம்: ஊரார் தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப விரும்பினர், பல்கலைக்கழகத்தாரோ இளைய மாணாக்கரை ஊரிலேயே நிறுத்திவைக்க விரும்பினர். இரு சாராரும் ஒரே கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினர். ஸ்ரான்போர்ட்டோ சிக்காக்கோவோ தன் முதலிரண்டு ஆண்டுகளை முற்றாக ஒழித்துவிடவில்லை என்பதையும் இவ்விடத்துச் சொல்லிவைப்போம். வைத்தியர் பிறர்க்கு எழுதிய மருந்தைத் தாம் உட்கொள்ளவில்லை.

1917இல் மாநிலப் பணமும், 1921இற் கனிட்ட கல்லூரிகளுக்கெனத் தனி மாவட்டங்களை அமைக்கும் உரிமையும் சட்டமூலம் கிடைத்தன. 1920இல் நாடளாவிய கனிட்ட கல்லூரிச் சங்கமும் தோன்றியது. இக்காலத்தே கூஸ், ஈல்ஸ் முதலிய ஆய்வாளர், கனிட்ட கல்லூரியிலிருந்து மாறிச்சென்ற மாணாக்கரின் புள்ளிகளைத் தொடக்கத்திலிருந்தே பல்கலைக்கழகத்திற் கற்றவர் புள்ளிகளோடு ஒப்பிட்டு, வந்தவர் இருந்தவர்க்குப் பெரிதும் இளைத்தவரல்லர் எனக் காட்டினர். ஒப்பிட்டது மாணாக்கரை, தேறியவர் அவர்தம் ஆசிரியர். பிற்காலத்திலே ஜோன் ஹில்ஸ் என்பார் 1965இல் வெளியிட்ட ஆய்வில், மாறிச்சென்றவரின் புள்ளிகள் முதல் தவணையிற் சற்றுத் தாழ்வதையும், நிலைத்திருப்பவரிடத்துப் பின்னர் அவை மீள்வதையும் எடுத்துக்காட்டி, அதற்கு ‘மாற்ற அதிர்ச்சி’ எனப் பெயரிட்டார். கிராமப் பாடசாலையிலிருந்து நகரக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் முதலாந் தவணை அறிக்கையைக் கண்ட ஆசிரியர் எவர்க்கும் இது புதுமையன்று.

இரண்டாம் உலகப்போர் இவ்வியக்கத்தின் உருவை மாற்றியது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால், போரினின்று மீண்ட வீரர்க்கு அரசு கல்விச் செலவை ஏற்றது. 1947இற் சனாதிபதி துரூமன் நியமித்த உயர்கல்வி ஆணைக்குழு, ஜோர்ஜ் சூக் என்பாரின் தலைமையில் அறிக்கை வெளியிட்டு, ஒவ்வோர் ஊர்ச் சமுதாயத்துக்கும் பயன்படும் இரண்டாண்டுக் கல்லூரிகள் நாடெங்கும் பெருகவேண்டும் என்றது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவலாயது அதன் பின்னரே. பெயர் மாறியபோது பொருளும் சிறிது மாறியது. தொழிற்பயிற்சி, முதியோர் கல்வி என்பன உட்புகுந்தன; பல்கலைக்கழகத்துக்கு அனுப்புதல் பல பணிகளுள் ஒன்றாயிற்று. 1960களிலே மட்டும் 457 அரசினர் சமுதாயக் கல்லூரிகள் புதிதாய் எழுந்தன. சராசரி நோக்கின் வாரம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கல்லூரி எனலாம்.

1960ஆம் ஆண்டு தனித்து நோக்கற்பாலது. அவ்வாண்டிலே கலிபோர்ணியா மாநிலம் தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்துச் சட்டமாக்கிற்று. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத் தலைவர் கிளாக் கேர் அதற்குத் தலையாய சிற்பி. உயர்நிலைப் பாடசாலையினின்று தேறுவோருள் முதல் எட்டிலொரு பங்கினர்க்குப் பல்கலைக்கழகம். முதல் மூன்றிலொரு பங்கினர்க்கு மாநிலக் கல்லூரி. எஞ்சியோர் அனைவர்க்கும், கற்றுப் பயன்கொள்ள வல்லவராயின், கனிட்ட கல்லூரி. இதற்கு முன்னர்ப் பல்கலைக்கழகம் நூற்றுக்குப் பதினைவரையும் மாநிலக் கல்லூரிகள் ஐம்பதின்மரையும் ஏற்றன. ஆகவே திட்டம் முன்வாயிலை ஒடுக்கியது. ஒடுக்கியதற்கு ஈடாக ஒரு வாக்கும் கொடுத்தது: பல்கலைக்கழகத்தின் கீழ்வகுப்பு மாணாக்கர்க்கும் மேல்வகுப்பு மாணாக்கர்க்கும் இடையே 40க்கு 60 என்னும் விகிதம் பேணப்படும்; அதனால் மூன்றாம் ஆண்டிலே கனிட்ட கல்லூரியினின்று வருவோர்க்கு இடம் எப்பொழுதும் இருக்கும். மாநிலத்தவர்க்குப் படிப்புக் கட்டணமும் இல்லை.

இத்திட்டத்தைப் புகழ்ந்தோர் உலகெங்கும் உளர். யாமும் புகழ்வோம், ஆயின் ஒரு வரையறையோடு. பதினெட்டு வயதிலே பரீட்சையிற் பின்தங்கியவனை அதனோடு முடிந்தான் என ஒதுக்காது, இருபது வயதில் மீண்டும் வந்து தட்டுவதற்கு ஒரு கதவை விட்டுவைத்தது அதன் பெருமை. நம் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலே சில வீடுகளில் நிலவும் மௌனத்தை அறிந்தவர்க்கு அப்பெருமை விளங்கும். ஆனால் அக்கதவு வரை நடந்து செல்லும் பாதை எத்தகையது?

அந்த 1960ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விடை வெளியாயிற்று. சமூகவியலாளர் பேர்ட்டன் கிளாக், கலிபோர்ணியாவின் சான் ஹொசே நகரத்துக் கனிட்ட கல்லூரியை ஆராய்ந்து ஒரு நூலும் ஒரு கட்டுரையும் எழுதினார். சேரும்போது பல்கலைக்கழகத்துக்குச் செல்வோம் என்று கூறுவோர் பெரும்பான்மையர். உண்மையிற் செல்வோர் சிறுபான்மையர். இடையில் நிகழ்வது யாது? எவரும் வெளியே தள்ளப்படுவதில்லை. தொடக்கத் தேர்வொன்று, பின்னர் ஆலோசகருடன் சந்திப்பு, பின்னர் தன்னையறியும் பாடம் ஒன்று, பின்னர் மென்மையாக, ‘இத்தொழிற்பயிற்சி உமக்குப் பொருந்துமே’ என்ற அறிவுரை. மாணாக்கன் தானே விலகியதாக எண்ணிக்கொள்கிறான். கிளாக் இதற்கு ‘ஆறவைத்தல்’ என்று பெயரிட்டார். அச்சொல்லை அவர் எடுத்தது கொவ்மன் என்பார் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து. அங்கே அது மோசக்காரரின் குழூஉக்குறி. பணத்தைப் பறிகொடுத்தவன் கூக்குரலிட்டு ஊரைக் கூட்டாவண்ணம், கூட்டத்துள் ஒருவன் அவன் அருகில் அமர்ந்து ஆறுதல் கூறுவானாம். கல்லூரி ஆலோசகர் மோசக்காரர் என்று கிளாக் கூறவில்லை. பலரைச் சேர்த்துச் சிலரையே மேலேற்ற வேண்டிய அமைப்பு எதுவும் ஏதோ ஒருவகையில் ஆறவைத்தே தீரும் என்பது அவர் கருத்து. உண்மையாயிருக்கலாம். எனினும் ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழித்தவன் இதனைப் படிக்கும்போது, தான் நல்லெண்ணத்தோடு கூறிய அறிவுரைகள் சிலவற்றை நினைத்து நெஞ்சு குறுகாதிருத்தல் அரிது.

ஆறாது நின்று, படித்து, தேறி, மாறிச் சென்றவர்க்கும் இன்னொரு தடை காத்திருந்தது. அதுவே மதிப்பலகு வழக்கு. இரண்டாண்டு கற்று 60 மதிப்பலகு சேர்த்து வந்த மாணாக்கனின் ஏட்டைப் பல்கலைக்கழகம் பாடம் பாடமாகப் பார்க்கும். இரசாயனத்தில் ஆய்வுகூட மணிகள் குறைவு என்று ஒன்றைத் தள்ளும். வரலாற்றுப் பாடம் எங்கள் பாடத்தை ஒத்ததன்று என்று இன்னொன்றைத் தள்ளும். முற்றாகத் தள்ளாது, ‘பொதுவிற் சேர்த்துக்கொள்வோம், சிறப்புத் துறைக்கு எண்ணமாட்டோம்’ என்பதும் உண்டு. இதுவே மிகவும் வஞ்சகமானது: கணக்கில் மதிப்பலகு இருக்கும், பட்டத்துக்கு உதவாது. அப்பாடத்தையே மீண்டும் பணங்கட்டிக் கற்கவேண்டும். ஐக்கிய அமெரிக்க அரசின் கணக்கீட்டு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை நிறுவனம் மாறிய மாணாக்கர், தாம் ஈட்டிய மதிப்பலகுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43ஐ இழந்தனர். இது எல்லா வகை நிறுவனங்களுக்கிடையிலும் மாறியோர்க்கு எடுத்த சராசரி. அரசினர் கல்லூரியிலிருந்து அரசினர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் இழப்பு இதனிற் குறைவெனினும் சிறிதன்று. சமுதாயக் கல்லூரியிற் சேர்வோருள் நூற்றுக்கு எண்பதின்மர் வரை இளமாணிப் பட்டத்தை விரும்புவதாகக் கூறுகின்றனர்; மூன்றிலொரு பங்கினர் அளவே மாறிச் செல்கின்றனர்; ஆறாண்டுக்குள் பட்டம் பெறுவோர் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவினரே என்பது 2024இல் வெளியான கணக்கு.

பணத்தின் கதையைச் சுருங்கச் சொல்வோம். 1978இற் கலிபோர்ணிய வாக்காளர் நிலவரியைக் குறைத்தனர்; ஊர்க் கல்லூரிகளின் வருவாய் சுருங்கியது; 1984இல் முதன்முதலாக அக்கல்லூரிகளிற் கட்டணம் வந்தது, மதிப்பலகு ஒன்றுக்கு ஐந்து டொலர். கட்டணமில்லாக் கல்வி என்ற வாக்கு இருபத்துநான்கு ஆண்டே நின்றது.

தொலைவின் கதை இதனினும் நெடியது. வீட்டிலிருந்தே இரண்டாண்டு கற்றவனுக்கு மற்ற இரண்டாண்டும் வீட்டுக்கு அண்மையில் இருந்தாலன்றி முன்னைய வசதியாற் பயன் என்ன? வேலை செய்து தாய்தந்தையரைத் தாங்குபவனும், கைக்குழந்தையை உடையவளும் மூன்றாம் ஆண்டில் மட்டும் தொலைவூர் செல்வது எங்ஙனம்? பிரெஸ்னோவில் 1911இல் ஓர் ஆசிரியர் கலாசாலை எழுந்து, காலக்கிரமத்தில் மாநிலக் கல்லூரியாகிப் பட்டமும் வழங்கியது. ஆதலால் அவ்வூரார் நல்லூழுடையர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமோ அந்நடுப்பள்ளத்தாக்கிலே, மேர்செட் நகரில், ஒரு வளாகத்தைத் திறந்தது 2005இலேதான். கனிட்ட வகுப்பு தொடங்கித் தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்து!

இத்தனைக்கும் பின்னர் இவ்வழியால் ஏறிச் சென்றோர் உண்டா எனின், எண்ணற்றோர் உளர். நியூயோர்க் மாநிலத்து எல்மைரா நகரில் வசதி குறைந்த குடும்பத்திற் பிறந்த எய்லீன் கொலின்ஸ் என்னும் பெண், அண்மையிலிருந்த கோர்ணிங் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு கற்று 1976இல் முடித்தார். சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1978இற் கணிதத்திலும் பொருளியலிலும் இளமாணியானார். 1995இல் விண்ணோடத்தைச் செலுத்திய முதற் பெண்ணும், 1999இல் அதற்குத் தலைமை தாங்கிய முதற் பெண்ணும் இவரே. கோர்ணிங்கில் அவர்க்குக் கற்பித்த கணிதத்தைச் சிராக்கியூஸ் ஏற்றுக்கொண்டமையால் அவர் ஈராண்டில் முடித்தார். ஏற்காதிருப்பின் மூன்றோ நான்கோ ஆண்டு சென்றிருக்கும். அவ்வாண்டுகளின் செலவை அக்குடும்பம் தாங்கியிருக்குமா என்பது ஐயம்.

இவ்வழக்கைத் தீர்க்க முற்பட்ட மாநிலங்களுள் முன்னோடி பிளோரிடா. 1971இல் அங்கே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: சமுதாயக் கல்லூரியிற் கலைத்துறைச் சிறு பட்டம் பெற்றவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகமொன்றில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி, அவர் முடித்த பொதுக்கல்வியைப் பல்கலைக்கழகம் கிளறிப் பார்க்கலாகாது. அதனோடு மாநிலமெங்கும் ஒத்த பாடத்துக்கு ஒத்த எண் இடும் முறையும் படிப்படியாக அமைந்தது. கலிபோர்ணியா இவ்விடத்துப் பின்தங்கியது. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு பல்கலைக்கழக வளாகத்தோடும், ஒவ்வொரு துறைக்கும், தனித்தனி உடன்பாடு செய்தன. உடன்பாடுகள் பெருகியமையால் அவற்றைத் தேடிக் காண்பதற்கே 1985இல் ஒரு கணினிப் பட்டியல் ஆக்கவேண்டியதாயிற்று. 2010ஆம் ஆண்டுச் சட்டம் 60 மதிப்பலகு கொண்ட ஒரு ‘மாற்றப் பட்டத்தை’ உண்டாக்கி, அதனைப் பெற்றவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதியில் இடமும், இன்னும் 60 மதிப்பலகிற் பட்டமும் உறுதி செய்தது. ஆயின் உறுதி செய்தது தொகுதியில் ஓரிடத்தையேயன்றி மாணாக்கன் வசிக்கும் ஊரின் வளாகத்தையன்று. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் அவ்வுறுதிக்குப் புறத்தே நின்றது. 2021இல் வேறிரு சட்டங்கள் வந்தன. ஒன்று இரு பல்கலைக்கழகத் தொகுதிகளுக்கும் பொதுவான பொதுக்கல்விப் பாடத்திட்டம் ஒன்றை வகுக்கச் சொன்னது. 2025இல் அது நடைமுறைக்கு வந்தது. மற்றையது சமுதாயக் கல்லூரிகள் அனைத்தும் ஒத்த பாடத்துக்கு ஒரே எண் இடவேண்டும் என்றது.

அந்த எண் இடும் வேலை எளிதன்று. ஓர் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு எண் இடுதற்கு முன்னர், அப்பாடத்திற் கற்பிக்கப்படுவது யாது, எத்தனை கட்டுரை எழுதுவிக்கப்படும், எந்த அளவில் மதிப்பிடப்படும் என்று பல கல்லூரிகளின் ஆசிரியர் ஒருங்கமர்ந்து இசைய வேண்டும். இசைந்ததைப் பல்கலைக்கழக ஆசிரியரும் ஒப்பவேண்டும். ஜோலியற்றிலே ஹாப்பரும் பிறவுணும் இருவராய் இருந்து செய்துகொண்டதை, அங்கே பாடம் ஒவ்வொன்றாக எடுத்து இன்று பல குழுக்கள் செய்துகொண்டிருக்கின்றன.